ஈறு நோய்க் கிருமிகளும் இதயக் குழாய் அடைப்பும்: எது உறுதி, எது இல்லை?

நாடிமானி (இழை தொடக்கம்)

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி மறுபடியும் சுற்றுகிறது. அதன் சாரம்: ஈறில் இருக்கும் கிருமி ரத்தத்தில் இறங்கி இதயக் குழாயை அடைக்கிறது, பல்லைச் சுத்தம் செய்தால் அடைப்பு கரையும், சுத்தம் செய்யப் போவதற்கு ஐந்து நாள் முன்பே ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும், கூடவே ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ் போட்டுக்கொண்டால் இதயத்துக்கும் நல்லது.

நாலு வாக்கியம். முதலாவது பாதி உண்மை. இரண்டாவதற்கு ஆதாரம் இல்லை. மூன்றாவது ஆளைக் கொல்லக்கூடியது. நான்காவதைப் பெரிய சோதனைகளில் பார்த்துக் கைவிட்டாயிற்று. துறை தெரிந்தவர்கள் ஒவ்வொன்றையும் எண்ணோடும் அளவோடும் எழுதுங்கள். அனுபவக் கதைகள் இந்த இழையில் வேண்டாம்.

---

ஈறுவைத்தியர்

முதல்ல இடத்தைப் பார்த்துடலாம், அப்புறம்தான் கிருமி.

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல ஒரு சின்னப் பள்ளம் எல்லாருக்கும் உண்டு. நல்ல வாயில அதோட ஆழம் 1 முதல் 3 மி.மீ. இதை அளக்க புரோப்னு ஒரு மெல்லிய அளவுக் கம்பி இருக்கு: நுனியில 0.5 மி.மீ. உருண்டை, 3.5-லிருந்து 5.5 மி.மீ. வரைக்கும் ஒரு கறுப்புப் பட்டை. பல் ஓரமா மெதுவா இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடத்துல பார்க்கணும். பட்டை முழுசா வெளியே தெரிஞ்சா சரி. பாதி மறைஞ்சா 4, 5 மி.மீ. பாக்கெட், அதாவது நோயால ஆழமான பள்ளம். பட்டையே கண்ணுக்குத் தெரியலன்னா 6 மி.மீ. அல்லது அதுக்கு மேல. புரோபை வெளியே எடுத்துட்டு சில விநாடி காத்திருந்தா, அழற்சி இருக்கிற இடத்துல ஈறு ஓரமா சிவப்புப் புள்ளி எழும்பும். அந்த ரத்தக்கசிவுதான் ‘இங்கே நோய் நடந்துக்கிட்டிருக்கு’ன்னு சொல்ற அடையாளம்.

பாக்கெட்டோட உள்சுவர் நைஞ்சு புண்ணா இருக்கும். வாய் முழுக்க இப்படி இருந்தா மொத்தப் புண்ணோட பரப்பு எவ்வளவு? ‘ரெண்டு உள்ளங்கை’ன்னு பரப்புறாங்க. 2001-ல ஹூயோல் குழு கணக்குப் போட்டதுல 8 முதல் 20 சதுர செ.மீ. தான் வந்தது. மேல் வரம்பே ஒரு தீப்பெட்டியோட மேல்புறத்தை விடக் கொஞ்சம்தான் பெருசு. ஆனா அந்தப் பரப்பு நாள் முழுக்கக் கிருமிப் படலத்தோட ஒட்டிக்கிட்டே இருக்குங்கிறதுதான் விஷயம்.

ரத்தத்துல கிருமி போகுதாங்கிறதுல சந்தேகமே இல்லை. லாக்ஹார்ட் குழு 2008-ல 290 பேரை வச்சுப் பார்த்தாங்க. ஒரு பல் பிடுங்கின பிறகு 60 சதவீதம் பேர் ரத்தத்துல வாய்க் கிருமி. முன்கூட்டியே அமாக்ஸிசிலின்ங்கிற ஆன்டிபயாடிக் கொடுத்துப் பிடுங்கினா 33. வெறுமனே பிரஷ் பண்ணினாலே 23. பல் பிடுங்கறது வாழ்க்கையில சில தடவைதான். பிரஷ் பண்றது தினமும். அதே குழு அடுத்த வருஷம் சொன்னது இன்னும் முக்கியம்: பல்லுல கிருமிப் படலமும், அது கெட்டிப்பட்ட காரையும் அதிகம் இருக்கிறவங்களுக்கு, பிரஷ் பண்ணும்போது கிருமி ரத்தத்துல போற வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு. பிரஷ் பண்ணினதும் வாய் முழுக்க ரத்தம் கசியறவங்களுக்குக் கிட்டத்தட்ட 8 மடங்கு. இதைப் படிச்சுட்டு பிரஷைக் குறைக்கிறவங்க இருக்காங்க. தப்பு பிரஷ் மேல இல்ல, கசியற ஈறு மேல.

---

நுண்ணோக்கி

போனது அங்கேயே தங்குகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. பெரும்பாலான கிருமிகளைக் கல்லீரலும் மண்ணீரலும் சில நிமிடங்களில் வடிகட்டிவிடும். ஆனால் சில தங்குகின்றன.

2000-இல் ஹராஸ்தி குழு, கழுத்துத் தமனியிலிருந்து அறுவை செய்து எடுத்த 50 கொழுப்புப் படிவுகளைப் பார்த்தது. 44 சதவீதத்தில் ஈறு நோய்க் கிருமி ஒன்றாவது டிஎன்ஏ வடிவில் இருந்தது. டிஎன்ஏ மட்டும்தானே, செத்த கிருமியின் மிச்சமாக இருக்கலாமே என்ற கேள்வி சரியானது. 2005-இல் கோசரோவ் குழு ஒரு படிவை அரைத்து, மனித ரத்தக்குழாய் செல்களின் மேல் விட்டது. சாதாரண வளர்ப்புத் தட்டில் எதுவும் வளராத அந்தச் சாற்றிலிருந்து, போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ், அக்ரிகேட்டிபேக்டர் என்ற இரு ஈறு நோய்க் கிருமிகள் செல்களுக்குள் புகுந்தன. புகுவதற்கு உயிர் வேண்டும்.

ஜிஞ்ஜிவாலிஸ் என்ன செய்கிறது? ஃபிம்பிரியே எனப்படும் மயிரிழைகளால் செல்லைப் பற்றி உள்ளே போகிறது. ஜிஞ்ஜிபெயின் என்ற புரதம் வெட்டும் நொதிகளை வெளியிடுகிறது. அவை ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைத் தூண்டி ஒன்றோடொன்று ஒட்டவைக்கின்றன. எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பை விழுங்கும் மேக்ரோஃபேஜுகள் (ஒருவகை எதிர்ப்புச் செல்கள்), கொழுப்பு நிரம்பிய நுரைச் செல்களாக மாறுவதைச் சோதனைக்கூடத்தில் இது வேகப்படுத்துகிறது. வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸுக்கும் தட்டணுக்களைத் திரட்டும் புரதம் உண்டு.

எல்லோரும் ஜிஞ்ஜிவாலிஸைப் பற்றியே பேசுகிறார்கள். பின்லாந்தின் டாம்பெரே குழு காட்டுவது வேறு. 2013-இல், மாரடைப்போடு வந்த 101 பேரின் இதயக் குழாயிலிருந்து உறிஞ்சி எடுத்த ரத்தக்கட்டியைச் சோதித்தார்கள். 78 சதவீதத்தில் விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் டிஎன்ஏ. இது ஆரோக்கியமான வாயிலும் குடியிருக்கும் சாதாரணக் கிருமி. கட்டியில் இருந்த கிருமி டிஎன்ஏவின் செறிவு, அதே நோயாளியின் ரத்தத்தில் இருந்ததைப் போல 16 மடங்கு.

2025-இல் அதே ஊர்க் குழு, திடீர் மரணமடைந்த 121 பேரின் பிரேதப் பரிசோதனைத் திசுக்களையும், அறுவை சிகிச்சையில் எடுத்த 96 பேரின் படிவுகளையும் எடுத்துக்கொண்டது. இரண்டிலும் சுமார் 42 சதவீதத்தில் விரிடன்ஸ் டிஎன்ஏ. இந்தத் தடவை டிஎன்ஏவோடு நிற்கவில்லை. கிருமியைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியால் திசுவுக்கு நிறமேற்றிப் பார்த்தார்கள். படிவின் நடுவே, கொழுப்புக் கூழுக்குள், கிருமிகள் படலமாகப் படிந்து கிடந்தன. சுற்றிலும் எதிர்ப்புச் செல்களின் சலனம் இல்லை. உடலின் கிருமி உணரிகளுக்கு அவை தெரியவே இல்லை. மேல்மூடி கிழிந்த படிவுகளில் காட்சி வேறு: படலத்திலிருந்து பிரிந்த கிருமிகள் விளிம்பில் சிதறியிருந்தன, அங்கே உணரிகள் விழித்து அழற்சி கொதித்தது. மாரடைப்பு பெரும்பாலும் நடப்பது படிவு கிழியும்போதுதான். இந்த இடத்தில் வாய்க் கிருமிக்குப் பங்கில்லை என்று சொல்வது எனக்கு இனிக் கடினம்.

---

எண்ணாய்வு

பங்கு இருக்கலாம். ‘இருந்தது’ என்பதிலிருந்து ‘செய்தது’ என்பதற்குப் போக நடுவில் பல படிகள் உள்ளன. கிழிந்த படிவு, ரத்தம் கசிந்த திசு, அழற்சி உள்ள இடம் எதுவாயினும் ரத்தத்தில் மிதக்கும் கிருமி அங்கே எளிதாக ஒதுங்கும். கிருமி வந்ததால் கிழிந்ததா, கிழிந்ததால் கிருமி வந்ததா என்பதை, இறந்தவரின் திசுவை ஒரே தடவை வெட்டிப் பார்த்து முடிவுகட்ட முடியாது. டிஎன்ஏவைப் பெருக்கும் வேதிப்பொருள்களிலேயே மாசு இருப்பதும் இத்துறையின் பழைய தலைவலி.

மக்கள் தொகை ஆய்வுகளுக்கு வருகிறேன். 1989-இல் ஹெல்சிங்கியில் மட்டிலா குழு, மாரடைப்பு வந்த 100 பேரையும் வராத 102 பேரையும் ஒப்பிட்டு, முன்னவர்களின் பல் நிலை மோசமாக இருந்ததைக் காட்டியது. நவீன விவாதம் தொடங்கியது அங்கே. 1993-இல் டிஸ்டெஃபானோ, அமெரிக்காவின் தேசிய ஆய்வில் 9,760 பேரைத் தொடர்ந்து, ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதய நோய் 25 சதவீதம் அதிகம் என்றார். 2000-இல் ஹூயோல், அதே ஆய்வின் தரவில் புகைத்தல் முதலான காரணிகளைக் கூடுதல் கவனத்தோடு கழித்தபோது, காரணத் தொடர்பு என்று சொல்லத்தக்க எதுவும் மிஞ்சவில்லை.

இந்த முரண்பாட்டின் மையம் புகையிலை. அது ஈறையும் கெடுக்கிறது, தமனியையும் கெடுக்கிறது. கேள்வித்தாளில் ‘புகைப்பவர் / புகைக்காதவர்’ என்று இரண்டே கட்டம் வைத்தால் அதன் முழு விளைவும் கழியாது. எத்தனை ஆண்டு, எத்தனை சிகரெட், எப்போது விட்டார் என்பதெல்லாம் மிச்சமாக நின்று ஈறு நோயின் கணக்கில் ஏறிவிடும். சர்க்கரை நோய், வருமானம், படிப்பு ஆகியவையும் இப்படியே. ஸ்காட்லாந்தில் 11,869 பேரை வைத்து 2010-இல் வெளிவந்த ஆய்வு, நாளுக்கு ஒரு தடவைகூடப் பல் துலக்காதவர்களுக்கு இதய நோய் 1.7 மடங்கு என்றது. பல் துலக்காதவர் வேறு எதையெல்லாம் செய்யாதவர் என்று கேட்டுவிட்டுத்தான் அந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் அதிகம் நம்புவது சுவீடனின் 2016 ஆய்வை. முதல் மாரடைப்பு வந்த 805 பேர், அதே வயது, பால், பகுதியைச் சேர்ந்த 805 பேர். எல்லோருக்கும் பல் எக்ஸ்ரே எடுத்து எலும்புத் தேய்வை அளந்தார்கள், கேட்டுப் பதியவில்லை. ஈறு நோய் 43 சதவீதத்துக்கு எதிராக 33. புகைத்தல், சர்க்கரை, படிப்பு, மண நிலை கழித்த பிறகு வாய்ப்பு விகிதம் 1.28 (1 என்றால் வித்தியாசம் இல்லை). தொடர்பு இருக்கிறது, சிறியது. 2012-இல் அமெரிக்க இதயச் சங்கம் சொன்னதும் இதுவே: தொடர்பு மற்றக் காரணிகளைக் கழித்தாலும் நிற்கிறது, காரணம் என்று நிறுவப்படவில்லை, ஈறு சிகிச்சை மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை.

---

நுண்ணோக்கி

மேற்கோள்: ‘கிழிந்ததால் கிருமி வந்ததா’

கிழியாத படிவின் நடுவிலும் படலம் இருந்ததே? அது நேற்று வந்ததல்ல. கிருமிப் படலம் கட்டக் காலம் வேண்டும்.

ஆன்டிபயாடிக் சோதனைகள் தோற்றதையும் இங்கே சேர்த்துப் பாருங்கள். கிளமிடியா நிமோனியே என்ற இன்னொரு கிருமியை நம்பி 2005-இல் அமெரிக்காவில் 4,012 இதய நோயாளிகளுக்கு, பாதிப் பேருக்கு வாரம் 600 மி.கி. அசித்ரோமைசின், ஓராண்டு முழுக்கக் கொடுத்தார்கள். பயன் இல்லை. கேட்டிஃப்ளாக்ஸசின் கொடுத்த 4,162 பேர் சோதனையிலும் இல்லை. டென்மார்க்கில் 4,373 பேரில் கிளாரித்ரோமைசின் எடுத்தவர்களிடையே இறப்பு கூடியே போனது. படலத்துக்குள் உறங்கும் கிருமியை மாத்திரை எட்டாது என்பது நுண்ணுயிரியலில் பாலபாடம்.

---

எண்ணாய்வு

மாத்திரை பலித்திருந்தால் கிருமிக் கொள்கைக்கு வெற்றி. பலிக்காவிட்டால் படலம் காத்தது, அதுவும் வெற்றி. எந்த முடிவு வந்தாலும் ஜெயிக்கும் கொள்கையைச் சோதிக்க வழியில்லை. படலம் ஒரு நல்ல கருதுகோள். அதைப் பொய்யாக்கக்கூடிய ஒரு சோதனையையும் கூடவே சொல்லுங்கள், அப்போது ஏற்கிறேன்.

என்னிடம் ஒரு பழைய சோதனை இருக்கிறது. ஈறு நோய்தான் காரணம் என்றால், எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டவருக்கு ஆபத்து குறைந்திருக்க வேண்டும். ஹூயோல் 2001-இல் அதையும் பார்த்தார். பல்லே இல்லாதவர்களுக்கு ஆபத்து குறைந்திருக்கவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் வரலாறு. 1910-இல் மான்ட்ரியாலில் வில்லியம் ஹன்டர் வாய்ச் சீழே பல நோய்களுக்கு ஊற்று என்று பேசிய பிறகு, இருபது, முப்பது ஆண்டுகள் மூட்டுவலிக்கும் மனநோய்க்கும்கூட நல்ல பற்களைப் பிடுங்கித் தள்ளினார்கள். நோய்கள் தீரவில்லை.

---

நுண்ணோக்கி

சரியான சவால். பல் போனவர்களில் பலர் அதற்கு முன் இருபது ஆண்டு ஈறு நோயோடு இருந்தவர்கள். படிவு அதற்குள் கட்டிவிட்டது. அதனால் அந்தச் சோதனை என் பக்கமும் முழுதாக முடியவில்லை, உங்கள் பக்கமும் முடியவில்லை. பொய்யாக்கும் சோதனை இதுதான்: ஈறு சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஆண்டுக்கணக்கில் ஒரே ஆளின் தமனியைப் படமெடுப்பது. படிவு வளரும் வேகம் இரு குழுவிலும் ஒன்றாகவே இருந்தால் நான் பின்வாங்குகிறேன்.

---

நாடிமானி

சிகிச்சை கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் எங்கே நிற்கின்றன? அதைச் சொன்னால்தான் இரண்டாம் வாக்கியம் முடியும்.

---

எண்ணாய்வு

2007-இல் டொனெட்டி குழு. கடும் ஈறு நோய் உள்ள 120 பேர். பாதிப் பேருக்குத் தீவிரச் சிகிச்சை. அளந்தது ரத்தக்குழாயின் விரிவுத் திறனை: கையில் பட்டை கட்டி ஐந்து நிமிடம் ரத்தத்தை நிறுத்தி, அவிழ்த்ததும் மேற்கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பது. சிகிச்சைக்கு 24 மணி நேரத்துக்குப் பிறகு விரிவு குறைந்தது, சி.ஆர்.பி. (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதம்) எகிறியது. 60-ஆம் நாளில் நிலை திரும்பியது. 180-ஆம் நாளில் சிகிச்சைக் குழுவின் விரிவு மற்றக் குழுவை விட 2 சதவீதப் புள்ளி அதிகம்.

முதல் நாள் சரிவைக் கவனியுங்கள். 2010-இல் மினாசியான் குழு அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளில், ரத்தம் காணும் பல் சிகிச்சைக்குப் பிந்தைய நான்கு வாரத்தில் மாரடைப்பு, பக்கவாத வாய்ப்பு 1.5 மடங்கு என்று கண்டது. ஆறு மாதத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டது. தனி மனிதருக்கு அந்த நான்கு வார ஆபத்து மிகச் சிறியதுதான். அந்த நாள்களில் நிறுத்தப்பட்ட மாத்திரைகளுக்கும் பங்கு இருக்கலாம்; இதய மருத்துவர் எழுதட்டும்.

மாரடைப்பையே, பக்கவாதத்தையே எண்ணிய சோதனை மிகக் குறைவு. பக்கவாதம் வந்த 280 பேரை வைத்து 2023-இல் வெளிவந்த அமெரிக்கச் சோதனையில், தீவிர ஈறு சிகிச்சைக் குழுவில் 8 சதவீதம் பேருக்கும் சாதாரணச் சிகிச்சைக் குழுவில் 12 சதவீதம் பேருக்கும் மறு நிகழ்வு. வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவே.

ஏன் யாரும் பெரிதாகச் செய்யவில்லை? கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்றாண்டில் 15 சதவீதம் பேருக்கு மறு மாரடைப்பு வரும் கூட்டத்தில், ஈறு சிகிச்சை அதைப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 13.5-ஆகக் குறைக்கும் என்று வைப்போம். அதை 80 சதவீத உறுதியோடு பிடிக்க ஒரு குழுவுக்குச் சுமார் 8,500 பேர், இரண்டுக்கும் 17,000 பேர் வேண்டும். அதில் பாதிப் பேருக்குச் சீழ் வடியும் ஈறை மூன்றாண்டு விட்டுவைக்க எந்த அறநெறிக் குழுவும் ஒப்பாது. ஒப்புக்குழுவுக்கும் சுத்தம் செய்துகொடுத்தால் வித்தியாசம் சுருங்கும். எண்ணிக்கை இன்னும் கூடும்.

அழற்சிதான் பாலம் என்பதற்கு மட்டும் வேறிடத்தில் நல்ல சான்று உண்டு. 2017-இல் 10,061 பேருக்கு நடந்த, கனகினுமாப் என்ற அழற்சி அடக்கும் மருந்தின் சோதனையில், எல்.டி.எல்.லைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கி இதய நிகழ்வுகளை 15 சதவீதம் குறைத்தார்கள். உயிர் பறிக்கும் தொற்றுகள் கூடின. ஈறு சிகிச்சை சி.ஆர்.பி.யைச் சராசரியாக லிட்டருக்கு 0.5 மி.கி. குறைக்கிறது. இந்த 0.5 மாரடைப்பு எண்ணிக்கையாக மாறுமா என்பதே இன்னும் திறந்திருக்கும் கேள்வி.

---

ஸ்டென்ட்காவலன் (இதய மருத்துவம்)

மூன்றாம் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இழையில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

பல் சுத்தம் செய்யவோ ஒன்றிரண்டு பல் பிடுங்கவோ ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளான ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் நிறுத்த வேண்டியதில்லை. மருந்து பூசிய ஸ்டென்ட் (அடைத்த இதயக் குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழல்) வைத்தவர் இரண்டையும் சேர்ந்தாற்போல நிறுத்தினால், ஸ்டென்டின் உள்ளே திடீரென ரத்தம் உறையலாம். உறைந்தால் அது பெரிய மாரடைப்பு, பலர் பிழைப்பதில்லை. பல் குழியில் வரும் ரத்தத்தை விரலால் அழுத்தியே நிறுத்தலாம், ஸ்டென்டுக்குள் விரல் போகாது. அவசரமில்லாத பெரிய வாய் அறுவை என்றால், இரட்டை மாத்திரைக் காலம் முடியும்வரை அதைத் தள்ளிப்போடுங்கள்.

வார்ஃபரின் (இன்னொரு உறைவுத் தடுப்பு மாத்திரை) எடுப்பவர்கள்: ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) 4-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தாமலே சாதாரணப் பல் சிகிச்சை செய்யலாம் என்பது பிரிட்டன் வழிகாட்டுதல். சோதனை 24 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், ஐ.என்.ஆர். நிலையாக இருப்பவருக்கு 72 மணி நேரம் வரை போகலாம்.

மாரடைப்பு வந்து 60 நாளுக்குள் அவசரமில்லாத பல் வேலை வேண்டாம். அதற்குள் சீழ் கட்டினால் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையில், கண்காணிப்போடு செய்ய வேண்டும்.

மரத்துப்போகும் ஊசியில் அட்ரினலின் இருக்கிறதே என்று பயந்து, அது இல்லாத ஊசி கேட்பார்கள். அட்ரினலின் இல்லாவிட்டால் மரப்பு சீக்கிரம் போகும். வலியில் உடம்பே அதைவிட அதிக அட்ரினலினைச் சுரக்கும். இதய நோயாளிக்கு உச்ச அளவு 0.04 மி.கி. என்று வைத்துக்கொள்வது வழக்கம். 1:80,000 கலவையில் ஒரு மி.லி.க்கு 0.0125 மி.கி. ஆக 3.2 மி.லி. வரை இடமுண்டு, மெதுவாக, ஊசியைப் பின்னிழுத்து ரத்தம் வரவில்லை என்று பார்த்துச் செலுத்த வேண்டும்.

---

ஈறுவைத்தியர்

டாக்டர் சொன்னதோட பல் பக்கத்தையும் சேர்த்துடறேன். மாத்திரை ஓடிக்கிட்டிருக்கிறவங்களுக்கு நேரம் காலையில கொடுக்கணும், வாரத் தொடக்கத்துல. கசிவு வந்தா அன்னிக்கே, மறுநாளே பார்க்கலாம். ஒரு சிட்டிங்ல மூணு பல்லுக்கு மேல பிடுங்க வேண்டாம். குழியில ஜெலட்டின் ஸ்பாஞ்ச் வச்சு, தையல் போட்டு, பஞ்சுத்துணியை அரை மணி நேரம் கடிக்க வைக்கணும். தேவைப்பட்டா ரத்தக்கசிவை நிறுத்தற 5 சதவீத டிரானெக்ஸாமிக் அமிலக் கரைசல்ல துணியை நனைச்சுக் கடிக்கலாம். அனுப்பறதுக்கு முன்னாடி கசிவு நின்னிருக்கான்னு கண்ணால பார்க்கணும்.

ரத்தம் வீட்டுக்குப் போனப்புறம் வர்றதுக்குப் பெரும்பாலும் காரணம் வாய் கொப்பளிக்கறது. முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவும் கூடாது, துப்பிக்கிட்டே இருக்கவும் கூடாது. உறைஞ்சது பிச்சுக்கிட்டு வந்துடும்.

---

செவிலி_டயபெட்டிக்

நோயாளிகள் கேட்கும் மூன்று கேள்விகள். சுத்தம் செய்தால் பல் ஆட ஆரம்பிக்கும் என்கிறார்களே? எண்ணெய் கொப்பளித்தால் போதாதா? குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் வருடக்கணக்கில் போடலாமா?

---

ஈறுவைத்தியர்

முதல் கேள்விக்கு: பல் ஆடறது எலும்பு ஏற்கெனவே கரைஞ்சதால. நடுவுல காரை கட்டி அடுத்தடுத்த பல்லை ஒண்ணோடொண்ணு பிடிச்சு வச்சிருக்கும். காரையை எடுத்ததும் உள்ளபடி இருந்த ஆட்டம் வெளியே தெரியும். வீக்கம் வத்தினதும் ஈறு இறங்கும், பல் இடுக்கு தெரியும், குளிர்ந்த தண்ணி கூசும். இதை முன்கூட்டியே சொல்லாம சுத்தம் பண்ணி அனுப்பறதுதான் எங்க பக்கத்துத் தவறு. பயந்து திரும்ப வராம போயிடறாங்க. பல நேரம் சில வாரத்துல ஈறு இறுகி, ஆட்டம் குறையவே செய்யும்.

மேலே மட்டும் மெஷின் விட்டுட்டு விடறதும் பத்தாது. 4 மி.மீ.-க்கு மேல இருக்கிற ஒவ்வொரு பாக்கெட்டுலயும், மரக்க வச்சு, வேர் வரைக்கும் சுரண்டணும். சுரண்டற கருவிக்குப் பேரு கியூரெட்: முன்பல்லுக்கு கிரேசி வகையில 5/6 எண், கடைவாய்ப் பல் முன்பக்கத்துக்கு 11/12, பின்பக்கத்துக்கு 13/14. சரியான கியூரெட் இல்லாம ஒரே கருவியில முடிச்சா, கடைவாய்ப் பல்லோட வேர் பிரியற இடத்துல காரை அப்படியே நிக்கும். 6 முதல் 8 வாரம் கழிச்சு மறுபடியும் புரோப் வச்சு எல்லா இடத்தையும் அளக்கணும். அதுக்கு முன்னாடி புரோப் விட்டா ஆறிக்கிட்டிருக்கிற ஒட்டு பிரியும். அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை. ஏன் மூணு மாசம்னா, சுரண்டின பாக்கெட்டுல கிருமிக்கூட்டம் சுமார் 9 முதல் 11 வாரத்துல பழையபடி கூடிடும்.

புகைக்கிறவங்களைத் தனியாச் சொல்லணும். நிகோடின் ஈறு ரத்தக்குழாயைச் சுருக்கிடறதால அவங்களுக்கு ரத்தமே கசியாது. ஈறு வெளிறி, இறுகி, பார்க்க நல்லா இருக்கும். புரோப் 7 மி.மீ. இறங்கும். ‘எனக்கு ரத்தம் வரல’ன்னு அவங்க சொல்றதை நம்பி அளக்காம விடக்கூடாது.

எண்ணெய் கொப்பளிக்கறது மேல்புறப் படலத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். 5 மி.மீ. பாக்கெட்டுக்குள்ள எண்ணெயும் போகாது, மவுத்வாஷும் போகாது. வீட்டுல செய்ய வேண்டியது: மென்மையான பிரஷ், ஈறு ஓரத்துல 45 டிகிரி சாய்ச்சு, அசைச்சு, ரெண்டு நிமிஷம், ரெண்டு வேளை. இடுக்கு பெருசா இருக்கிறவங்களுக்கு இன்டர்டென்டல் பிரஷ், நூல் இல்ல. இடுக்குல லேசா உரசிக்கிட்டுப் போற அளவு வேணும். தொளதொளன்னு போனா சுத்தம் ஆகாது, திணிச்சா ஈறு கிழியும். ஒரே வாயில ரெண்டு, மூணு அளவு தேவைப்படும்.

சர்க்கரைக்காரர்களுக்கு இதுல உறுதியான லாபம் இருக்கு. 2018-ல லண்டன்ல 264 பேரை வச்சுப் பார்த்ததுல, தீவிர ஈறு சிகிச்சை எடுத்தவங்களோட எச்பிஏ1சி (மூணு மாசச் சராசரிச் சர்க்கரை அளவு) ஒரு வருஷத்துல மத்தவங்களை விட 0.6 சதவீதப் புள்ளி குறைவா இருந்தது. இதய வாதத்துக்கு எந்தத் தீர்ப்பு வந்தாலும் இதுக்காகவே அனுப்பலாம்.

---

மருந்துச்சீட்டு (மருந்தியல்)

மூன்றாம் கேள்வி. 0.2 சதவீதக் குளோர்ஹெக்ஸிடின், 10 மி.லி., ஒரு நிமிடம், இரு வேளை, இரண்டு வாரம். அதற்கு மேல் பல்லும் நாக்கும் பழுப்பாகும், சுவை மாறும். டூத்பேஸ்டில் உள்ள நுரைப் பொருள் அதன் வீரியத்தைக் கெடுக்கும். பல் துலக்கி அரை மணி நேரம் கழித்தே பயன்படுத்துங்கள்.

ரத்த அழுத்தக்காரர்கள் ஒன்று அறிய வேண்டும். கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை நாக்கின் பின்பகுதியில் வாழும் கிருமிகள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது உடம்பில் நைட்ரிக் ஆக்ஸைடாகி ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. குளோர்ஹெக்ஸிடின் நல்லது கெட்டது பார்க்காமல் அவற்றையும் கொல்லும். 2013-இல் ஆரோக்கியமான 19 பேர் ஒரு வாரம் பயன்படுத்தியதில் ரத்த அழுத்தம் 2 முதல் 3.5 வரை ஏறியது. சிறிய ஆய்வுதான்; காரணமில்லாமல் மாதக்கணக்கில் போட வேண்டாம் என்பதற்கு இது போதும். வாய்க் கிருமி எல்லாமே தமனிக்கு எதிரி என்ற எண்ணத்தையும் இது திருத்தும்.

இதய மருந்துகளோடு மோதுபவை: கிளாரித்ரோமைசின், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் அல்லது அட்டோர்வாஸ்டாட்டினோடு சேர்ந்தால் தசை சிதையலாம். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் வார்ஃபரினோடு சேர்ந்தால் ஐ.என்.ஆர். எகிறும், வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைகோனசோல் ஜெல்லும் அப்படியே, தடவும் மருந்துதானே என்று விடுவதால் இது அடிக்கடி தவறிப்போகிறது. பல்வலிக்கு ஐபுபுரொஃபென் ஆஸ்பிரினின் வேலையைத் தடுக்கும், இதய நோயாளிக்குத் தன்னளவிலும் ஆகாது, பாராசிட்டமால் போதும். ரத்த அழுத்த மாத்திரைகளான நிஃபெடிபின், சில சமயம் அம்லோடிபின், ஈறை வீங்கி வளரச் செய்யும். அந்த வீக்கத்தைக் கண்டு மாத்திரையைத் தானே நிறுத்தக் கூடாது. படலத்தைச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் குறையும். குறையாவிட்டால் மாற்று மாத்திரையை மருத்துவர் முடிவு செய்வார்.

---

செவிலி_டயபெட்டிக்

நன்றி சார். ஆனால் சில இதய நோயாளிகளுக்குப் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் எழுதுகிறார்களே, அது என்ன கணக்கு?

---

ஸ்டென்ட்காவலன்

அது வால்வில் தொற்று பிடிக்காமலிருக்க. குழாய் அடைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செயற்கை வால்வு உள்ளவர், முன்பே வால்வுத் தொற்று வந்தவர், சில பிறவி இதயக் கோளாறு உள்ளவர், மாற்று இதயத்தில் வால்வுக் கோளாறு வந்தவர். இவர்களுக்கு மட்டும், ஈறைக் கிளறும் சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு அமாக்ஸிசிலின் 2 கிராம், ஒரே தடவை. பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்குக் கிளிண்டாமைசின் கொடுப்பதை அமெரிக்க இதயச் சங்கம் 2021-இல் விலக்கிவிட்டது. ருமாட்டிக் வால்வு நோய் உள்ளவர்கள் தங்கள் இதய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டென்ட், பைபாஸ், பேஸ்மேக்கர் மட்டும் உள்ளவருக்கு இந்த மருந்து தேவையில்லை.

பல் மருத்துவமனைக்குப் போகும் இதய நோயாளியின் கையில் இருக்க வேண்டிய தாளில்: ஸ்டென்ட் வைத்த தேதி, எந்த வகை, எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும், கடைசி ஐ.என்.ஆர்., கடைசி எச்பிஏ1சி, இதய மருத்துவரின் தொலைபேசி எண். காலை மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் 5 மி.கி. சட்டைப் பையில் இருக்கட்டும்.

நாற்காலியில் நெஞ்சுவலி வந்தால்: வேலையை நிறுத்தி, வாயில் இருப்பதை எல்லாம் எடுத்து, ஆளை நிமிர்த்தி உட்கார வையுங்கள். அழுத்தம் பாருங்கள், மேல் அளவு 90-க்கு மேல் இருந்து, முந்தைய 24 மணி நேரத்தில் சில்டெனாஃபில் (ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை) எடுக்கவில்லை என்றால் அந்த மாத்திரை நாக்கின் அடியில். ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108, கூடவே ஒவ்வாமை இல்லையென்றால் ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்கவேண்டும், முழுசாக விழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகும்.